வானத்தில் ஒரு பள்ளிக்கூடம்!

குழந்தைகளுக்காக டெலிவிஷன் கேட்ட கோடீஸ்வர விஞ்ஞானி

பட்டினச்சேரிக்கு ஒருநாள் வெள்ளைக் கதர் உடுத்த மனிதர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையைச் சுற்றிப் பார்க்கிறார். உங்கள் கோவிலையும், அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் விட்டுக் கொடுங்கள் என்று கேட்கிறார். எதற்கு என்று கேட்டால், ராக்கெட் விட வேண்டும் என்கிறார்.

ஊர்ப் பஞ்சாயத்து கூடும். நாட்டாமைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். வலையும் கட்டுமரமும் போடும் கரையை யார் விட்டுக் கொடுப்பார்கள்?

இப்படி ஒரு கேள்வி நம் பட்டினச்சேரியில் எழவில்லை. ஆனால் கேரளத்தில் உள்ள தும்பா என்ற மீனவர் கிராமத்தில் எழுந்தது. கேட்டவர் விக்ரம் சாராபாய். அந்த ஊர் மக்கள் சம்மதித்தார்கள். அதனால்தான் பின்னாளில், பள்ளிக்கூடமே சரியாக இல்லாத கிராமங்களில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து டெலிவிஷனில் பாடம் கேட்க முடிந்தது.

ராக்கெட்டுக்கும் குழந்தைகளின் டெலிவிஷனுக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் இந்தக் கதை.

வீட்டுக்குள் பள்ளிக்கூடம்

விக்ரம் சாராபாய் 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய் பெரிய மில் முதலாளி. தாயார் சரளாதேவி. வீட்டில் மொத்தம் எட்டுக் குழந்தைகள்.

பணக்காரக் குடும்பம்தான். ஆனால் விசித்திரமான குடும்பம்! 1915-ல் காந்திஜி தமது ஆசிரமத்தில் ஒரு தீண்டப்படாதார் குடும்பத்தைச் சேர்த்துக் கொண்டார். ஊரார் கொடுத்துவந்த பண உதவி நின்று போயிற்று. அப்போது ஒரு சேட் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர்தான் அம்பாலால். 1918-ல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் அம்பாலாலின் சொந்த அக்காள் அனசூயா! தம்பி முதலாளி பக்கம், அக்காள் தொழிலாளி பக்கம். இருந்தாலும் பாசம் குறையவில்லை.

எட்டுக் குழந்தைகளையும் வெளியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அம்பாலாலுக்கும் சரளாதேவிக்கும் மனம் இல்லை. மனப்பாடம் செய்யச் சொல்லி அடிக்கிற பள்ளிகள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலேயே ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். மாண்டிசோரி அம்மையாரின் முறை அங்கே கையாளப்பட்டது. விளையாட்டோடு படிப்பு. தச்சு வேலைக்கும் இயந்திர வேலைக்கும் பட்டறை. தோட்டத்தில் பறவைகள். கவி தாகூர் போன்றவர்கள் அந்த வீட்டில் விருந்தாளிகளாக வந்து தங்கினார்கள்.

சிறுவன் விக்ரமுக்குப் பட்டறைதான் சொர்க்கம். நீராவியில் ஓடும் ரெயில் எஞ்சின் ஒன்றை, பெரியவர்கள் துணையோடு சிறிய அளவில் செய்தான். அது வெறும் பொம்மை அல்ல. உண்மையிலேயே ஓடும் எஞ்சின்!

கையால் செய்து பார்த்தால்தான் பாடம் மனதில் நிற்கும் என்ற எண்ணம் அந்தப் பட்டறையிலேயே அவர் மனதில் வேரூன்றியிருக்க வேண்டும். பின்னால் அவர் செய்தவற்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

தமிழ்நாட்டுத் தொடர்பு

மேல்படிப்புக்காக விக்ரம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1940-ல் பட்டம் பெற்றார். அப்போது உலக யுத்தம். ஊருக்குத் திரும்பினார். பெங்களூரில் நம் சர்.சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஆராய்ந்தார். பிறகு மறுபடியும் கேம்பிரிட்ஜ் சென்று 1947-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பெங்களூரில் இன்னொன்றும் நடந்தது. மிருணாளினி என்ற நாட்டியப் பெண்ணைச் சந்தித்தார். அவர் சென்னை வக்கீல் சுவாமிநாதனின் மகள். நேதாஜியின் படையில் கேப்டனாக இருந்த லட்சுமியின் தங்கை. பரதம் கற்றது நம் தஞ்சை மண்ணின் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்! 1942-ல் கல்யாணம் நடந்தது. குஜராத் மில் முதலாளி வீட்டுக்குப் பரதநாட்டியம் மருமகளாகப் போயிற்று.

1947 நவம்பரில், நாடு விடுதலை பெற்ற மூன்றே மாதத்தில், அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. பிறகு துணி ஆலை ஆராய்ச்சி நிலையம், நிர்வாகக் கல்லூரி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆரம்பித்துக்கொண்டே போனார். எல்லாவற்றையும் சொன்னால் பக்கம் போதாது.

மாதா கோவிலில் ராக்கெட்!

1962-ல் விண்வெளி ஆராய்ச்சிக்கு ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. தலைவர் சாராபாய். ராக்கெட் விட இடம் தேடினார்கள். பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடியில், தும்பாவுக்கு அருகே போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே வானத்தில் ஒரு விதமான மின் ஓட்டம் இருக்கிறது. அதை ஆராய இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு பக்கம் கடல். ராக்கெட் விழுந்தாலும் தண்ணீரில் விழும்.

ஆனால் அங்கே மரிய மக்தலேனாள் மாதா கோவில் இருந்தது. பக்கத்தில் பிஷப்பின் வீடு. சுற்றிலும் மீனவர் குடிசைகள். சாராபாய் திருவனந்தபுரம் பிஷப் பெர்னார்டு பெரைராவைப் போய்ப் பார்த்தார். பிஷப் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிறு பூசைக்கு வரும்படி கூறினார். பூசையில் சாராபாயை மக்களுக்கு அறிமுகம் செய்து, விஷயத்தை எடுத்துச் சொல்லி, கோவிலைக் கொடுக்கலாமா என்று கேட்டார். சபை முழுவதும் ஆமென் என்றது. ராமேசுவரத்து அப்துல் கலாம் இதைத் தம் நூல்களிலும் பேச்சுகளிலும் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த மீனவர்கள் விட்டுக்கொடுத்தது சாதாரணப் பொருள் அல்ல. கடலை நம்பிப் பிழைக்கிறவனுக்கு வீடு போனால் கரை போயிற்று. கரை போனால் தொழில் போயிற்று. விஞ்ஞானிகளைப் புகழும்போது இதை மறந்துவிடுகிறோம்.

மாதா கோவில் ஆபீஸ் ஆயிற்று. மாட்டுத் தொழுவம் ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்! முதல் ராக்கெட் அமெரிக்கா கொடுத்தது. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. 1963 நவம்பர் 21-ந் தேதி மாலை ராக்கெட்டைத் தூக்கி வைக்கும்போது கிரேனில் எண்ணெய் ஒழுகிக் கிரேன் மக்கர் செய்தது. கலாமும் மற்றவர்களும் கையால் தூக்கிச் சரி செய்தார்கள். ராக்கெட் சீறிப் பாய்ந்தது. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிற மேகம் தோன்றியது.

நகரத்துக்கு முன் கிராமம்

ராக்கெட் விட்டதோடு மற்றவர்கள் திருப்தி அடைந்திருப்பார்கள். சாராபாய் அடையவில்லை. ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அவர் கொடுத்த பதில்களில் ஒன்றுதான் டெலிவிஷன்.

அப்போது இந்தியாவில் டெல்லியில் மட்டுமே டெலிவிஷன் இருந்தது. 1959-ல் ஆரம்பமாயிற்று. 1961 முதல் டெல்லிப் பள்ளிக்கூடங்களுக்குப் பாடமும் ஒளிபரப்பினார்கள். ஆனால் கிராமத்துக்கு? ஊர் ஊராகக் கோபுரம் கட்டிக்கொண்டு போனால் கடைசிக் கிராமத்துக்குப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

சாராபாய் வேறு கணக்குப் போட்டார். வீட்டுக்கு வீடு விளக்கு வைப்பதைவிட உச்சியில் ஒரே பெரிய விளக்கு ஏற்றினால் என்ன? 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக் கோளை நிறுத்தினால், அது பூமியோடு சேர்ந்து சுற்றும். கீழிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். அங்கிருந்து படம் அனுப்பினால் டெல்லிக்கும் விழும், காட்டுக்குள் இருக்கும் குக்கிராமத்துக்கும் விழும்.

பேசிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1967 ஜனவரி 26-ந் தேதி டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் பொது டெலிவிஷன் பெட்டி வைத்து விவசாய நிகழ்ச்சி தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் சாராபாய்தான். 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் நாசாவோடு ஒப்பந்தம் ஆயிற்று. செயற்கைக் கோளை அமெரிக்கா ஒரு வருஷத்துக்கு இரவல் கொடுக்கும். பெட்டிகள், நிகழ்ச்சிகள், வேலை எல்லாம் இந்தியாவுடையது.

இதே சமயத்தில் அகமதாபாத்தில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். 1966-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சமுதாய விஞ்ஞான நிலையம் தொடங்கினார். பிள்ளைகள் அங்கே வரலாம், கருவிகளைத் தொடலாம், கேள்வி கேட்கலாம். 1968 டிசம்பரில் 80 வயது தாண்டிய குரு ராமன் அந்த நிலையத்துக்கு வந்து, வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பது பற்றிப் பேசினார். பதிலை முதலில் சொல்லாமல், கேள்வியைத் தூண்டிவிட்டு மெல்ல மெல்ல அழைத்துச் சென்ற பேச்சு அது. இன்று டெலிவிஷனில் குழந்தைகளுக்கு நடத்தும் வினாடி வினாப் போட்டிகளில் பெரும்பாலும் மனப்பாடப் பதிலுக்கே பரிசு. ராமன் மாதிரி ஒரு நடுவர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்!

கோவளத்தில் ஓர் இரவு

1966-ல் டாக்டர் பாபா விமான விபத்தில் இறந்தார். அணுசக்திக் கமிஷன் தலைவர் பதவியும் சாராபாய் தலையில் விழுந்தது. ஓய்வு என்பதே இல்லை. ஓட்டம், ஓட்டம், ஓட்டம்.

1971 டிசம்பர் கடைசியில் தும்பாவுக்கு வந்தார். அப்துல் கலாம் டெல்லியிலிருந்து டெலிபோனில் பேசினார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சந்திப்போம், காத்திருங்கள் என்று சாராபாய் சொன்னார். கலாம் வந்து இறங்கியபோது சாராபாய் உயிரோடு இல்லை. கோவளத்தில் தங்கியிருந்த இடத்தில், டிசம்பர் 30-ந் தேதி, தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. வயது 52.

கோழி வலையில் பிடித்த படம்

அவர் கேட்ட டெலிவிஷன் நாலு வருஷம் கழித்து வந்தது. 1975 ஆகஸ்டு 1-ந் தேதி ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய ஆறு ராஜ்யங்களில் 2,400 கிராமங்களில் ஒளிபரப்புத் தொடங்கியது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. காரைக்காலும் இல்லை.

திரைக்குப் பின்னால் நடந்தவைதான் சுவாரசியம்! வானத்திலிருந்து வரும் அலையைப் பிடிக்க ஒவ்வோர் ஊரிலும் பத்தடி அகலத்தில் குடை போன்ற ஏரியல் வைத்தார்கள். அது எதனால் ஆனது தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலை! மின்சாரம் இல்லாத சில ஊர்களில் பாட்டரி வைத்து ஓட்டினார்கள்.

காலையில் ஒன்றரை மணி நேரம் 5 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. அதை நான்கு மொழிகளுக்குப் பங்கு போட்டார்கள். ஒரு மொழிக்கு இருபத்திரண்டரை நிமிஷம்! மாலையில் பெரியவர்களுக்கு. ஒரே படத்தோடு இரண்டு மொழிப் பேச்சை அனுப்பவும் வசதி இருந்தது. படம் ஒன்று, ஓர் ஊரில் அது தெலுங்கு பேசும், இன்னோர் ஊரில் கன்னடம் பேசும்.

பிள்ளைகளுக்கான விஞ்ஞான நிகழ்ச்சிகளை யஷ்பால் என்ற விஞ்ஞானியின் தலைமையில் பம்பாயில் தயாரித்தார்கள். கையில் கிடைக்கும் பொருளை வைத்துச் செய்து பார்க்கும் சோதனைகளுக்கு அதில் இடம் கொடுத்தார்கள். விடுமுறையில் சுமார் 50,000 ஆசிரியர்களுக்கும் டெலிவிஷன் வழியே பயிற்சி நடந்தது. ஆராய்ச்சியாளர்கள் கிராமங்களிலேயே குடியிருந்து, யார் பார்க்கிறார்கள், என்ன புரிகிறது, என்ன புரியவில்லை என்று எழுதிவைத்தார்கள்.

இலங்கையில் வாழ்ந்த விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் இந்திய எஞ்சினீயர்கள் ஒரு குடை ஏரியல் வைத்துக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது டெலிவிஷன் நிலையமே கிடையாது!

பலன் என்ன? பிள்ளைகளின் பேச்சு வளம் கூடியது, புதியதை அறியும் ஆவல் கூடியது என்று ஆராய்ச்சி சொன்னது. ஆனால் பரீட்சை மார்க்கில் பெரிய மாற்றம் இல்லை. டெலிவிஷன் வந்ததால் பள்ளிக்கு வராத பிள்ளைகள் கூட்டமாக வந்துவிடவும் இல்லை. வாத்தியார் வேலையைப் பெட்டி செய்துவிடாது என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. அதற்காக முயற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆவல் மார்க்கில் தெரியாது.

சரியாக ஒரு வருஷம். 1976 ஜூலை 31-ந் தேதியோடு முடிந்தது. இரவல் கொடுத்தவர்கள் செயற்கைக் கோளை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். கிராமத்து மக்கள் இன்னும் சில காலம் இருக்கட்டும் என்று விரும்பினார்கள். இரவல் பொருள் இரவல் பொருள்தானே! அதன் பிறகுதான், நமக்கென்று சொந்தமாகச் செயற்கைக் கோள் வேண்டும் என்ற வேகம் பிறந்தது. குஜராத்தில் பிஜ் என்ற சிற்றூரில் மட்டும் ஒரு சிறிய நிலையம் தொடர்ந்து நடந்தது. கேடா மாவட்டத்துக் கிராமத்தாரே அதில் நடித்தார்கள், பேசினார்கள். 1984-ல் அதற்கு யுனெஸ்கோ பரிசு கிடைத்தது.

நம் கரைக்கு டெலிவிஷன் வந்தது வேறு வழியில். சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ந் தேதி நிலையம் தொடங்கினாலும் அதன் படம் டெல்டாக் கரைவரை எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்தது. காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் உயரமான கம்பம் நட்டு ஏரியல் கட்டியவர்கள் கடல் தாண்டி வந்த படத்தைப் பார்த்தார்கள். காற்று அடித்தால் ஏரியல் திரும்பிவிடும். ஒருவர் மாடியில் நின்று திருப்ப, இன்னொருவர் கீழிருந்து தெரியுது, தெரியலே என்று கூவ வேண்டும்.

சாராபாய் பெயரில் தும்பா நிலையம் இருக்கிறது. சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு 1973-ல் அவர் பெயர் வைத்தார்கள். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து சந்திரனில் இறக்கிய கலத்தின் பெயரும் விக்ரம்தான். பாடம் சொல்வதற்கென்றே 2004 செப்டம்பர் 20-ந் தேதி எஜுசாட் என்ற செயற்கைக் கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விட்டார்கள். அது இரவல் அல்ல. இந்திய ராக்கெட்டில் போன இந்தியக் கோள்.