தோற்ற வேட்பாளர் உருவாக்கிய தொண்டர்கள்

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வந்தால் எங்கட வீடுகளில் யார் வெல்லுவார் என்ற கதைதான். அந்த வேட்பாளருக்குப் பின்னால் யார் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று கேட்கிற ஆள் குறைவு. கனடாவில் பல தேர்தல்களில் தொண்டனாகக் கதவு தட்டியவன் நான். எனக்கு அந்தக் கேள்விகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அதனால்தான் ஷேர்லி சிஷோமின் கதையை இங்கே எழுதுகிறேன்.

சிஷோம் 1924 நவம்பர் 30 அன்று நியூயோர்க் நகரின் புரூக்ளினில் பிறந்தார். தகப்பன் கயானாவில் பிறந்தவர், தாய் பார்படோஸ் பெண். தகப்பனுக்குத் தொழிற்சாலையில் கூலி வேலை. தாய் தையல் வேலையும் மற்றவர்களின் வீட்டு வேலையும் செய்தார். நாலு காசு சேர்க்கவேண்டும் என்று பிள்ளைகளைப் பார்படோஸில் இருந்த அம்மம்மாவிடம் அனுப்பிவிட்டார்கள். சிஷோம் அங்கேதான் பள்ளிக்கூடம் தொடங்கினார், 1934இல்தான் நியூயோர்க் திரும்பினார். பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இரண்டு வேலை செய்த பெற்றோரை நாங்களும் அறிவோம்.

1946இல் புரூக்ளின் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தார். பாலர் பாடசாலை ஆசிரியராக வேலை செய்துகொண்டே உள்ளூர் ஜனநாயகக் கட்சிக் கழகத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே பெண்களுக்குக் கிடைத்த வேலை அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றுக் கழகத்துக்குக் காசு சேர்ப்பது. முடிவெடுப்பது ஆண்கள். செலவுக்குக்கூடக் காசு தராமல் எங்களிடம் வேலை வாங்குவது சரியா என்று கேட்கும்படி சிஷோம் மற்றப் பெண்களைத் தூண்டினார். அவருடைய அரசியலின் விதை அந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம்.

1964இல் நியூயோர்க் மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார். 1968இல் காங்கிரசுக்குப் போட்டியிட்டபோது பக்கத்தில் நின்று வழிநடத்தியவர் மக் ஹோல்டர் என்ற மூத்த அரசியல்வாதி. அவரும் கயானாவில் பிறந்தவர். வாக்காளர் பட்டியலை எடுத்துவைத்து எண்ணிப் பார்த்தவர், அந்தத் தொகுதியில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம் என்று கண்டுபிடித்தார். அதற்கேற்ப வேலை நடந்தது. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் வாழ்ந்த தெருக்களில் சிஷோம் ஸ்பானிய மொழியில் பேசினார். கட்சிக்குள் நடந்த தேர்தலில் சுமார் 800 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பொதுத்தேர்தலில் பிரபல மனித உரிமைத் தலைவர் ஜேம்ஸ் பாமரைத் தோற்கடித்தார். அமெரிக்கக் காங்கிரசில் நுழைந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். தன் அலுவலகத்தில் பெண்களை மட்டுமே வேலைக்கு எடுத்தார், அவர்களில் பாதிப்பேர் கறுப்பினத்தவர்.

1972 ஜனவரி 25 அன்று புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில் வைத்து, ஜனாதிபதி வேட்பாளராகக் கட்சிக்குள் போட்டியிடப்போவதாக அறிவித்தார். இந்த உட்கட்சித் தேர்தலைத்தான் பிரைமரி என்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் வேறு தேதி, வேறு விதி. ஒவ்வொரு மாநிலத்திலும் மனுத்தாக்கலுக்கு ஆள், கையொப்பம் சேர்க்க ஆள், சட்டம் தெரிந்த ஆள், பிரதிநிதிகளை எண்ண ஆள் வேண்டும். பெரிய வேட்பாளர்கள் இவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். சிஷோம் முழுப் போட்டிக்கும் செலவழித்ததே சுமார் 3 இலட்சம் டொலர்தான். அதில் அவருடைய சொந்தப் பணமும் போனது.

ஆகவே அவருடைய படை மாணவர்கள், ஆசிரியைகள், வீட்டு அம்மாக்கள். முந்திய ஆண்டு 1971இல்தான் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. மாணவர்களை ஒழுங்குபடுத்தியவரே 21 வயதுப் பெடியன். கணவர் கொன்ராட் தொழிலால் தனியார் துப்பறிவாளர், தொடக்கத்தில் அவர்தான் மெய்க்காப்பாளர்.

தொண்டர் படை என்றால் எல்லாம் இனிப்பாக இருக்கும் என்று நினைக்கவேண்டாம். சில இடங்களில் வெள்ளையினப் பெண் உரிமைக்காரருக்கும் கறுப்பினச் செயற்பாட்டாளருக்கும் இடையே யார் நடத்துவது என்று இழுபறி. கணக்கு வழக்குச் சீராக இல்லை என்று அரசின் கணக்காய்வுத் துறை கேள்வி எழுப்பியது, பின்னர் வழக்கு எதுவும் இல்லாமல் அது முடிந்தது. நல்ல மனம் மட்டும் போதாது, கணக்கு எழுதத் தெரிந்தவரும் வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. அதேநேரம் ஒரு நல்ல சட்டத்தரணி என்ன செய்யமுடியும் என்றும் இங்கே பார்க்கலாம். கலிபோர்னியாத் தேர்தலுக்கு முன் தொலைக்காட்சி விவாதங்களில் சிஷோமைச் சேர்க்கவில்லை. அவரது தரப்பு சட்டரீதியாகப் போராடி அவருக்கும் தொலைக்காட்சி நேரம் வாங்கிக்கொடுத்தது.

ஜூலையில் மியாமி பீச்சில் நடந்த கட்சி மாநாட்டில் அவருக்குக் கிடைத்தது 152 பிரதிநிதிகளின் வாக்கு, நாலாம் இடம். வேட்பாளராகத் தெரிவானவர் ஜோர்ஜ் மக்கவர்ன். சிஷோம் 1983 வரை காங்கிரசில் இருந்தார், பிறகு கல்லூரியில் கற்பித்தார், 2005 ஜனவரி 1இல் காலமானார். கணக்குப்படி பார்த்தால் அது ஒரு தோல்விதான்.

ஆனால் அந்தத் தொண்டர்களில் ஒருவரைப் பாருங்கோ. கலிபோர்னியாவில் மில்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பார்பரா லீ. இரண்டு பிள்ளைகளின் தனித்தாய், அரசாங்க உதவிப் பணத்தில் வாழ்ந்தவர், வாக்காளராகக்கூடப் பதியாதவர். முதலில் போய்ப் பதிந்துவிட்டு வா என்று சிஷோம் சொன்னார். லீ பதிந்தார், வட கலிபோர்னியாவில் பிரசாரத்தை ஒழுங்கு செய்தார், மியாமிக்குப் பிரதிநிதியாகவும் போனார். நடுவில் ஒரு கட்டத்தில் விலகிவிடக்கூட நினைத்தார். இனப் பிரிவினையை ஆதரித்துவந்த போட்டி வேட்பாளர் ஜோர்ஜ் வொலஸ் மே மாதம் சுடப்பட்டபோது, சிஷோம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தார். அது லீயால் தாங்கமுடியாத விசயம். ஆனாலும் இருந்தார், கற்றுக்கொண்டார். 1998இல் காங்கிரசுக்குப் போனார். 2001இல் போர் அதிகாரத் தீர்மானத்துக்கு எதிராகச் சபையில் விழுந்த ஒரேயொரு வாக்கு அவருடையது.

இந்தக் கதைக்கு எங்களோடும் ஒரு தொடுப்பு உண்டு. 1971இல் சிஷோம் பேர்க்லியில் ஒரு கலாசார நிலையத்துக்கு வந்தபோது, சென்னையில் பிறந்து அங்கே படிக்கப்போன சியாமளா கோபாலனின் குடும்பமும் அந்த நிலையத்துக்குப் போய்வந்தது. மகள் கமலா ஹாரிஸ் இதைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். 2019இல் அவர் ஜனாதிபதிப் போட்டியில் இறங்கியபோது பிரசாரத்துக்குச் சிஷோமின் நிறங்களை எடுத்துக்கொண்டார், பார்பரா லீ அவரை ஆதரித்தார். பணம் போதாமல் அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஹாரிஸ் விலகினார். நிறமும் பெயரும் மட்டும் ஒரு பிரசாரத்தை ஓட்டாது என்பது அப்போதும் தெரிந்தது.

இனி எங்கட பக்கம் வருவம். தேர்தல் வந்தால் எங்கட சனம் வேட்பாளருக்கு இராப்போசனம் வைக்கும், காசோலை கொடுக்கும், தோளில் கைபோட்டுப் படம் எடுக்கும். ஒன்ராறியோவில் பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்குத் தேவையான 40 மணித்தியாலச் சேவையை நிரப்பவும் பணிமனைக்கு வருவினம். மணித்தியாலம் முடிய அநேகமானவை காணாமல் போய்விடுவினம். தொடர்ந்து வர விரும்பும் பிள்ளையைப் பார்த்து, இது ஒரு வேலையா, படிப்பைப் பார் என்று தகப்பன் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அது ஒரு வேலைதான். வாக்காளர் பட்டியலை வாசிக்க, தேர்தல் செலவுக் கணக்கு எழுத, கட்சியின் உள்விதிகளைப் படிக்க, ஒரு தெருவின் கவலையை வேட்பாளரின் காதில் போட ஆள் வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த பத்துப் பிள்ளைகள் எங்களிடம் இருந்தால், எந்தக் கட்சி வென்றாலும் எங்கள் விசயத்தைப் பேசுகிற ஒருவர் அந்த அறைக்குள் இருப்பார். படம் எடுத்த வேட்பாளர் தோற்றுப்போனால் எங்கட கையில் மிஞ்சுவது அந்தப் படம் மட்டும்தான்.

அடுத்த தேர்தலுக்குக் காசோலை எழுதுகிற பெரியவர்கள் ஒன்று செய்யலாம். அந்தக் காசில் ஒரு பங்கை, தேர்தல் வேலை பழகப்போகும் ஒரு மாணவிக்குக் கோடை விடுமுறைச் சம்பளமாகக் கொடுக்கலாம். எந்தக் கட்சிக்குப் போகிறாள் என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.