பப்ரிஷியஸ் ஐயரும் இருமொழி வினைகளும்

பிறமொழி பயில்வார்க்குப் பெயர்ச்சொற்கள் பெருந்துன்பம் விளைப்பனவல்ல. மீனையும் வலையையும் படகையும் விரலாற் சுட்டிப் பெயர் வினவி அறிந்துகொள்ளலாம். வினைச்சொல்லோ சுட்டுதற்கு அடங்குவதன்று. செய்வோன் யார், செயல் எத்திசை நோக்கிச் செல்கின்றது, அதன் பயன் எவரைச் சாருகின்றது என்பவற்றையெல்லாம் ஆராய்ந்தன்றி ஒரு வினையைத் தெரிந்தெடுத்தல் இயலாது. இவ்வருத்தத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் மேற்கொண்டு, நமக்கோர் அகராதியை ஈந்து மறைந்தவர் யோவான் பிலிப்பு பப்ரிஷியஸ் ஐயர். அவர்தம் சரிதம் ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் அறிந்திருக்கற்பாலது.

இவர் ஜெர்மனி தேசத்தில் கிளேபெர்க் என்னும் சிற்றூரில் 1711ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிற் பிறந்தார். முதலிற் சட்டநூல் பயின்று, பின்னர் ஹாலே நகரையடைந்து சமயநூலிற் புகுந்தார். 1740ஆம் ஆண்டில் தரங்கம்பாடி வந்திறங்கித் தமிழ் கற்கத் தொடங்கினார். இரண்டாண்டு கழிந்தபின் சென்னைக்குச் சென்று, ஷூல்ட்ஸ் ஐயர் விட்டுச்சென்ற பணியை மேற்கொண்டார். அங்கே அவர் தமிழரோடு தமிழிலும், கும்பினியாரோடு ஆங்கிலத்திலும் பழக வேண்டியவரானார். இவ்விரண்டனுள் ஒன்றேனும் அவர்க்குத் தாய்மொழியன்று.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். ஐயர் நகரை நீங்கி, வடக்கேயுள்ள பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். அவ்வூர் அக்காலத்தில் ஒல்லாந்தர் வசமிருந்தது. அவர்தம் கெல்டிரியாக் கோட்டை அங்கே நின்றது. 1749இல் சென்னை ஆங்கிலேயரிடம் மீண்டது. அதன் பின்னர் வேப்பேரியில் ஐயரது பணி நிலைபெற்றது. ஆயினும் 1758இன் இறுதியில் லாலி என்னும் படைத்தலைவன் சென்னையை முற்றுகையிட, வேப்பேரி சூறையாடப்பட்டது. ஐயர் மறுபடியும் பழவேற்காட்டையே நாடினார். இங்ஙனம் இருமுறை அவ்வேரிக்கரை அவர்க்குப் புகலிடமாயிற்று.

பழவேற்காட்டு ஏரியோ உவர்நீர்ப் பரப்பு. கடற்கும் அதற்கும் இடையே நெடிய மணற்றிட்டு ஒன்று கிடக்கின்றது. ஆரணியாறு முதலியவற்றின் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீரும் அதன்கண் கலக்கின்றன. கரையிலுள்ள குப்பங்களில் வாழ்வோர்க்கு இறாலும் நண்டும் மீனுமே வாழ்வு. இன்ன ஊரார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடுக என வரையறுக்கும் முறையை அவர் ‘பாடு’ என்பர். அகராதி தொகுப்பான் இச்சொல்லை எங்ஙனம் கொள்வான்? இசை பாடுக என்னும் ஏவலும் பாடு; மீனவன் முறையும் பாடு. முன்னையது தானே ஒரு வினையடி. பின்னையதைப் ‘படு’ என்னும் வினையடியோடு இயைத்தல் தகும். வலையில் மீன் படுகின்றது என்று மீனவர் கூறுவதை ஆங்கிலத்திற் பெயர்க்கப் புகின், மீன் பிடிக்கப்பட்டது எனச் செயப்பாட்டுவினையாற் கூறவேண்டும். எழுத்தொப்புமையை நம்பினோன் ஏமாறுவான். வினையின் நிலையை ஆராய்ந்தோனே தப்புவான்.

ஐயரது உழைப்பின் பயனாகப் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 1772இல் வெளிவந்தது. 1779இல் வேப்பேரி அச்சகத்தில் அவரும் பிரைத்தாப்ட் ஐயரும் சேர்ந்து தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டனர். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபொழுது கைக்கொண்ட அச்சுப்பொறியே வேப்பேரிக்கு வந்து இத்தொண்டிற்கு உதவியது. அகராதியில் ஏறத்தாழ 9,000 சொற்கள் இடம்பெற்றன. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ப்பொருள் கூறும் மற்றொரு பகுதி 1786இல் வெளிப்பட்டது.

இத்தகைய நூலை ஆக்குவோன் எதிர்ப்படும் இடர்கள் இன்றும் நம் மாணவர் எதிர்ப்படுவனவே. ஆங்கிலத்தில் ‘லை’, ‘லே’ என்னும் இரண்டும் பலரை மயக்குகின்றன. தமிழிலக்கணம் கற்றோன் இதற்கு அஞ்சவேண்டுவதில்லை. வலை கரையிற் கிடக்கின்றது. இது தன்வினை, ‘லை’. மீனவன் வலையைக் கரையிற் கிடத்துகின்றான். இது பிறவினை, ‘லே’. ஆயினும், முன்னையதன் இறந்தகாலமும் ‘லே’ என்றே வருதலின், நேற்றுக் கிடந்தது என்னுமிடத்துக் கவனம் வேண்டும். ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ என்பனவும் எழு, எழுப்பு என்பவற்றையே ஒக்கும்.

‘ப்ரிங்’, ‘டேக்’ என்னும் இரண்டிற்கும் தொல்காப்பியனாரே வழிகாட்டுகின்றார். வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகட்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்பது அவர் துணிபு. பொருள் என்னிடமோ நின்னிடமோ வருமாயின் ‘ப்ரிங்’ எனவும், அயலான்பாற் போகுமாயின் ‘டேக்’ எனவும் பெரும்பாலும் கொள்ளலாம். கேள் என்னும் நம் சொல்லோ எதிரான இயல்பினது. ஒலி செவியிற் படுதலையும், செவிகொடுத்தலையும், வினவுதலையும், வேண்டுதலையும் அவ்வொன்றே உணர்த்துகின்றது. ஆங்கிலமோ இவற்றிற்குத் தனித்தனி வினை வைத்திருக்கின்றது.

இனி, ஐயரது சரிதத்தோடு துயரமாக இயைந்த இரண்டு வினைகள் உள. அவை ‘லெண்ட்’, ‘பாரோ’ என்பன. கடன் கொடுத்தல் முன்னையது. கடன் வாங்குதல் பின்னையது. தமிழில் கடன் என்னும் பெயர் இரண்டிற்கும் பொதுவாய் நிற்க, கொடு, வாங்கு என்னும் வினைகளே திசையைக் காட்டுகின்றன. ஐயரின் தாய்மொழியாகிய ஜெர்மனில் ‘லைஹன்’ என்னும் ஒரே வினை இரண்டு பொருளையும் தாங்கும். கொடுத்தவன் யார், கொண்டவன் யார் என்பது சொற்றொடரின் ஏனைய உறுப்புக்களாலேயே விளங்கும். தமிழ் வேறொரு நுட்பம் உடையது. கொண்ட பொருளையே மீளத் தருவது இரவல். பணத்தைப் பெற்று அத்தொகையைத் திருப்புவது கடன். அளந்து கொண்டு அவ்வளவே அளந்து கொடுப்பது குறியெதிர்ப்பை. ஆங்கில வினை திசையைப் பகுக்கின்றது. தமிழ்ப் பெயர் பொருளைப் பகுக்கின்றது.

ஐயர் தம் பேராளுகையிலிருந்த பணத்தையும், தம்மை நம்பிப் பிறர் ஒப்படைத்த பணத்தையும் வட்டிக்கு அளித்துவந்தார். தமக்கென ஆடம்பரம் யாதும் வேண்டாத எளியவர் அவர். ஆயினும், அவரிடம் பெற்றோர் திருப்பித் தரவில்லை. அவரிடம் ஒப்படைத்தோரோ தத்தம் பொருளைக் கேட்டு நெருக்கினர். கொடுத்தவர் கடன்பட்டவரானார். அகராதியாசிரியர் தம் முதுமையிற் கடனுக்காகச் சிறைவாசமும் எய்தினார். 1788இல் கெரிக்கே ஐயர் வேப்பேரிப் பொறுப்பை ஏற்றார். 1791ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், எண்பதாண்டு நிரம்பிய அளவில், பப்ரிஷியஸ் ஐயர் உயிர்நீத்தார். தமிழ்நாட்டை அடைந்தபின் அவர் தம் தாய்நாட்டிற்கு மீண்டாரல்லர்.

அவர் கணக்கேடுகளால் நேர்ந்த இழப்பை மறைத்துக் கூறுதல் உண்மைக்கு அடாது. அவரை நம்பினோர்க்கும் அது துன்பமே விளைத்தது. சொல்லின் திசையைத் துருவியறிந்த பேரறிஞர்க்குப் பொருளின் திசை விளங்காது போயிற்று. இவ்விரண்டும் வேறு வேறு கல்வி என்பதை அவர் வாழ்வு தெளிவாக்குகின்றது. ஆயின், அவர் அகராதியோ அழியவில்லை. தரங்கம்பாடியில் அது விரித்துத் திருத்தப்பெற்று 1933இலும் 1972இலும் வெளிவந்தது. இந்நாளிலும் தமிழாராய்வார் அதனை நாடுகின்றனர். பணத்தால் அவர் பட்ட கடன் அவரோடு ஒழிந்தது. சொல்லால் நாம் அவர்க்குப் பட்ட கடனோ நம்மிடமே நிற்கின்றது. ஒரு வினையை எழுதுமுன் செய்வோன் யார், கொள்வோன் யார் என ஒருகணம் நின்று எண்ணுதலே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.