பால் ராப்ஸனும் ஒதெல்லோ நாடகமும்

ஷேக்ஸ்பியர் மகாகவி இயற்றிய சோகரஸ நாடகங்களுள் ஒதெல்லோ என்பதன் கதையை நம்மவருள் அறிந்தோர் பலர். அறியாதார் பொருட்டு ஈண்டுச் சுருக்கிச் சொல்லுவாம். வெனிஸ் நகரத்துச் சேனாதிபதியாகிய ஒதெல்லோ கறுத்த நிறத்தினன், அந்நிய தேசத்தான். பகைவர் கப்பல்கள் வருகின்றன என்ற செய்தி கேட்டதும் அந்நகரத்துப் பெரியோர் அவனது தோள்வலியையே நாடுவர். விருந்துக்கழைத்து அவன் கதைகளைக் கேட்டு மகிழ்வர். ஆனால், அவர்களுள் ஒருவருடைய மகளான டெஸ்டிமோனா அவனை விரும்பி மணந்தாள் எனக் கேட்ட மாத்திரத்தில், விருந்தளித்த வாயே அவனது நிறத்தைச் சொல்லி ஏசும். பின்னர் அவனுக்குக் கீழ் உத்தியோகம் பார்த்த இயாகோ என்னும் வஞ்சகன், ஒரு கைக்குட்டையைச் சாட்சியாகக் காட்டி, கற்புடைய மனைவிமேல் ஐயத்தை விளைவிக்கிறான். ஒதெல்லோ அவளைத் தன் கையாலேயே கொன்று, உண்மை வெளிப்பட்டபின் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான்.

இந்நாடகம் 1604-ம் வருஷத்தில் இங்கிலாந்து அரசர் அரண்மனையில் நடிக்கப்பட்டதாகப் பதிவுள்ளது. அந்நாள் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, பெரிய நாடகசாலைகளில் இவ்வேஷத்தைத் தரித்தோர் பெரும்பாலும் வெள்ளையரே. முகத்திலும் கையிலும் கரிய சாயம் பூசிக்கொண்டு வந்து, நிறத்தால் வந்த துயரைப் பேசி, நாடகம் முடிந்ததும் சாயத்தைக் கழுவிவிட்டு வீடு செல்வர். இதற்கு விலக்காக நின்றவர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்பவர். 1807-ல் நியூயார்க்கில் பிறந்த இக்கறுப்பர், தம் தேசத்தில் இடமின்றிக் கடல் கடந்து சென்று, 1833-ல் லண்டன் கோவண்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாக நடித்து, ஐரோப்பா எங்கும் புகழ்பெற்று, 1867-ல் போலந்து நாட்டில் காலமானார். அவருக்குப்பின் ஏறக்குறைய நூறாண்டு கழித்து அவ்வேஷத்தை அணிந்தவரே நமது கட்டுரைத் தலைவராகிய பால் ராப்ஸன்.

இவர் 1898-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 9-ந் தேதி, அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்துப் பிரின்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். இவர் தந்தையார் வில்லியம் ட்ரூ ராப்ஸன் அடிமையாய்ப் பிறந்தவர். வட கரோலினா மாகாணத்துப் பண்ணையொன்றிலிருந்து தமது 15-ம் வயதில் தப்பி வடக்கே சென்று, கல்வி கற்று, கிறிஸ்தவ சபையொன்றில் போதகரானார். பிரின்ஸ்டனில் இருபது ஆண்டளவு ஊழியம் புரிந்தபின், 1901-ல் அப்பதவியை இழக்க நேர்ந்தது. போதகராயிருந்த பெரியவர், அவ்வூர்த் தெருக்களிலேயே வீடுகளின் சாம்பலை வண்டியில் அள்ளிச் செல்லும் தொழிலை மேற்கொண்டு மக்களைப் பேணினார். அதற்காக அவர் முகம் வாடியதில்லை என்று மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1904-ல் வீட்டில் ஏற்பட்ட தீ விபத்தில், பார்வை மங்கியிருந்த தாயார் இறந்தார். அப்போது பாலுக்கு ஆறு வயதும் நிரம்பவில்லை.

தாயற்ற மகனுக்குத் தந்தை வைத்த செல்வம் சொல்லே. மாலைதோறும் அவனை எதிரில் நிறுத்தி, பேருரைகளை ஒப்பிக்கச் செய்து, ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பையும் நிறுத்தத்தையும் தாமே திருத்துவார். பிற்காலத்தில் உலகம் வியந்த குரலுக்கு இயற்கை கொடுத்தது பாதியெனின், ஏனைய பாதி அவ்வேழைப் போதகரின் கூடத்தில் உண்டானதென்றே யாம் கருதுகிறோம்.

1915-ல் பரீட்சையில் தேறி உபகாரச் சம்பளம் பெற்று ரட்கர்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரி வரலாற்றில் மூன்றாவது கறுப்பு மாணவர் இவர். அப்போது அங்கிருந்தவர் இவர் ஒருவரே. கால்பந்துக் குழுவில் இடம் வேண்டிச் சென்ற முதல் நாளில், குழுவைச் சேர்ந்த மாணவர்களே இவரைத் தாக்கி மூக்கை உடைத்தனர். தோளைப் பிசகச் செய்தனர். படுக்கையிற் கிடந்தெழுந்து மறுபடியும் மைதானத்துக்குச் சென்றார். 1917, 1918 ஆகிய ஈராண்டும் அமெரிக்க தேசத்துச் சிறந்த ஆட்டக்காரர் வரிசையில் இவர் பெயர் சேர்ந்தது. படிப்பிலும் பின்வாங்கினாரல்லர். 1919-ல் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் சொற்பொழிவாற்றியவர் இவரே. தந்தையார் அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. முந்திய ஆண்டே காலஞ்சென்றார்.

பின்னர்க் கொலம்பியா சர்வகலாசாலையில் சட்டம் பயின்று, 1921-ல் எஸ்லாண்டா குட் என்னும் கல்வியறிவுடைய நங்கையை மணந்து, 1923-ல் பட்டம் பெற்றார். வக்கீல் காரியாலயமொன்றில் அமர்ந்தார். ஆங்கே சுருக்கெழுத்தாளர் ஒருவர், கறுப்பர் சொல்லத் தாம் எழுதுவதில்லை என்று மறுத்தனர். ராப்ஸன் அத்தொழிலை விட்டு வெளியேறினார். சட்டத்துக்கு நஷ்டம், நாடகத்துக்கு லாபம்.

1924-ல் யூஜீன் ஓநீல் என்பாரின் நாடகங்களில் தோன்றிப் பெயர் பெற்றார். 1925 முதல் லாரன்ஸ் பிரௌன் என்னும் நண்பர் பியானோ வாசிக்க, அடிமை நாட்களில் தம் முன்னோர் பாடிய பக்திப் பாடல்களைக் கச்சேரிகளிற் பாடினார். 1928-ல் லண்டனில் ஷோபோட் என்னும் சங்கீத நாடகத்தில் இவர் பாடிய மிஸிஸிபி நதியைப் பற்றிய பாட்டு இவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஆயினும், 1929-ல் அதே லண்டனில் ஸவாய் ஹோட்டல் போஜனசாலைக்கு நண்பரைக் காணச் சென்றபோது, நிறங் காரணமாக உள்ளே விடாமல் திருப்பியனுப்பப்பட்டார். பாட்டு உள்ளே போகலாம், பாடுபவர் போகலாகாது. நம் நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வோட்டலை அடுத்தே ஸவாய் நாடகசாலை உள்ளது. அங்கேதான் 1930-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி ராப்ஸன் ஒதெல்லோவாக முதன்முறை தோன்றினார். இதற்கென அவர் லண்டனில் வசித்த அமாண்டா ஆல்ட்ரிட்ஜ் அம்மையாரிடம் குரற்பயிற்சி பெற்றார். அவ்வம்மையார் முன்னே கூறிய ஐரா ஆல்ட்ரிட்ஜின் புதல்வி. தம் தந்தையார் ஒதெல்லோ வேஷத்தில் அணிந்த பொற்கடுக்கன்களை அவர் ராப்ஸனுக்கு அளித்தார் என்பர்.

டெஸ்டிமோனாவாக நடித்தவர் பெக்கி ஆஷ்கிராப்ட், வயது 22. எமிலியாவாக ஸிபில் தார்ன்டைக். ராடரிகோவாக ரால்ப் ரிச்சர்ட்ஸன். இவர்கள் யாவரும் பின்னாளில் ஆங்கில நாடகமேடைக்கே ஆபரணமானவர்கள். ஆனால் முதலாளியாகிய மாரிஸ் பிரௌன் இயாகோ வேஷத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். பணம் போட்டவருக்கு வேஷத்தில் ஆசை வருவது எல்லா நாட்டு நாடகக் கம்பெனிகளுக்கும் உரிய பழைய நோய். அவரது நடிப்பைப் பத்திரிகைகள் ஏளனஞ் செய்தன. மேடையிலோ விளக்கொளி போதாது. நடிகர் முகம் இருளிற் புதைந்தது.

இவற்றினும் பெரிய இடையூறு ராப்ஸனின் நெஞ்சினுள் இருந்தது. வெள்ளைப் பெண்ணை மேடையிலே தீண்டி, முத்தமிட்டு, ஈற்றில் கொல்லவும் வேண்டிய வேஷம் இது. அவர் பிறந்த தேசத்தில் அத்தகைய பெண்ணை ஏறிட்டுப் பார்த்தான் என்ற பழிச்சொல் ஒன்றே கறுப்பரை மரத்தில் தூக்கியிடப் போதுமானது. முதல் இரண்டு வாரம் ஆஷ்கிராப்ட் அருகில் வரும்போதெல்லாம் தாம் பின்வாங்கிக்கொண்டே இருந்ததாகவும், சீமான் வீட்டுக் கூடத்தில் நுழைந்த பண்ணையாள்போலக் கைகால் தடுமாறியதாகவும் அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆறடி மூன்றங்குல உயரமும் மல்லர் தேகமும் உடையவர், எதிரில் நின்ற சிறு பெண்ணுக்கு அஞ்சினார். அஞ்சியது அப்பெண்ணுக்கன்று, அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு தேசத்துக்கு. முத்தத்தைப் பற்றிப் பத்திரிகை நிருபர்கள் அந்நங்கையையும் கேட்டுத் துளைத்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தாது ராப்ஸனோடு நடிப்பதைப் பெருமையாகவே கொண்டார். முதல்நாள் இரவு நாடகம் முடிந்தபின் திரை இருபது முறை தூக்கப்பட்டது என எழுதியுள்ளனர்.

இதனை நியூயார்க்குக்குக் கொண்டு செல்லும் பேச்சு உடனே எழுந்தது; பேச்சாகவே நின்றது. பன்னிரண்டு வருஷம் கழிந்தது.

இடையில் ராப்ஸன் சினிமா நட்சத்திரமானார். 1933-ல் எம்பரர் ஜோன்ஸ், 1936-ல் ஷோபோட், 1940-ல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றிய பிரௌட் வாலி ஆகிய படங்கள் வெளிவந்தன. படம் புகழைக் கொடுத்தது, மதிப்பைக் கொடுக்கவில்லை. 1935-ல் வெளியான ஸாண்டர்ஸ் ஆப் தி ரிவர் என்னும் படத்தை ஆப்பிரிக்கரின் பெருமையைக் காட்டும் என நம்பி ஏற்றார். முடிந்து வந்த படமோ வெள்ளை அதிகாரியின் பெருமையைக் காட்டியது. அதனை அவர் பின்னர் வெளிப்படையாகவே வெறுத்தொதுக்கினார். 1942-ல் ஹாலிவுட்டில் நடித்த படமொன்றும் கறுப்பரைப் பேதைகளாகச் சித்திரித்தமையால், பட உலகினின்று விலகினார். அவ்வாண்டே ஒதெல்லோ மறுபடி அவரை வந்தடைந்தது.

மார்கரட் வெப்ஸ்டர் என்னும் அம்மையார் நாடகத்தை நடத்த முன்வந்தார். முதலாளிகள் கைகொடுக்கத் தயங்கினர். ஆகவே வெள்ளோட்டமாக 1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் மாஸசூஸட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு சிறிய மண்டபத்தில் நடித்தனர். மக்கள் காலால் தரையை உதைத்து ஆரவாரித்தனர். அடுத்து நடித்த ஊர் பிரின்ஸ்டன்! அன்பர்காள், தந்தையார் சாம்பல் வண்டி ஓட்டிய அதே ஊர். கறுப்பு மாணவர்க்குக் கதவு திறவாதிருந்த அச்சர்வகலாசாலையைச் சார்ந்த மக்கார்ட்டர் அரங்கில், சாம்பல் வண்டிக்காரர் மகன் வெனிஸ் சேனாதிபதியாக வந்து நின்றார்.

1943-ம் வருஷம் அக்டோபர் மாதம் 19-ந் தேதி நியூயார்க் ஷூபர்ட் நாடகசாலையில் அரங்கேற்றம். இயாகோவாக ஹோஸே பெரர், டெஸ்டிமோனாவாக அவர் மனைவியார் யூட்டா ஹாகன், எமிலியாவாக வெப்ஸ்டர் அம்மையாரே நடித்தனர். பிராட்வே என்னும் பெருநாடக வீதியில், வெள்ளை நடிகர் நடுவே கறுப்பர் ஒருவர் ஒதெல்லோவாக வந்தது அதுவே முதல். இப்போது ராப்ஸன் பின்வாங்கவில்லை. ஒதெல்லோவை வெறும் பொறாமைக்காரனாக அவர் கருதவில்லை. தன்னை மதியாத சமூகத்தின் நடுவே தனித்து நிற்பவன், தன் மானம் ஒன்றையே உடைமையாகக் கொண்டவன், அது போயிற்றென்று நம்பியதும் உலகமே போயிற்றென்று கொண்டவன், என்றிவ்வாறு பாத்திரத்தை அமைத்துக்கொண்டார். குரல் கம்பீரமாயினும் ஒரே கதியிற் செல்கிறதென்றும், கோபம் மூளும் கட்டங்களில் வேகம் போதாதென்றும் குறை கூறிய விமரிசகர் உண்டு. அக்குறையில் உண்மையும் இருக்கலாம். கடைசிக் காட்சியில் அதனை எண்ணியோர் சிலராகவே இருந்திருப்பர். நாடகம் தொடர்ந்து 296 முறை நடிக்கப்பட்டது. பிராட்வேயில் ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அதற்குமுன் அத்தனை முறை நடந்ததில்லை.

1944, 1945 ஆண்டுகளில் குழுவினர் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகச் சென்றனர். கறுப்பரை வேறாக அமர்த்தும் கொட்டகை எதிலும் நடிப்பதில்லை என்பது ராப்ஸனின் நிபந்தனை. அதனால் தென் மாகாணங்களின் வரும்படி அடியோடு போயிற்று. வசூலைப் பார்த்து வளைந்துகொடுப்பது நாடகத் தொழிலின் இயல்பாயிருக்க, இவ்விஷயத்தில் அவர் அணுவும் வளையவில்லை. எமது எண்ணத்தில் 296 என்னும் கணக்கினும் இதுவே பெரிது.

பின்வந்த காலம் இருண்டது. சோவியத் நாட்டை அவர் பெரிதும் புகழ்ந்தார். அங்கே ஸ்டாலின் ஆட்சியில் நடந்த கொடுமைகளைப் பற்றி வாய் திறவாதிருந்தது அவர்மீது சாரும் குறையே. அதனை மறைப்பது சரித்திரமாகாது. ஆயினும் அவர் தேசம் அளித்த தண்டனை அளவு கடந்தது. 1949-ல் பீக்ஸ்கில் என்னுமிடத்தில் அவர் கச்சேரிக்கு வந்தோர் கல்லெறியுண்டனர். 1950-ல் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. கச்சேரி மண்டபங்கள் மூடப்பட்டன. வருஷம் 1,00,000 டாலருக்கு மேலிருந்த வருமானம் 6,000 ஆகக் குறைந்ததெனக் கூறுவர். பழைய கால்பந்து வீரர் பட்டியலிலிருந்துகூடப் பெயரை நீக்கினர். 1957-ல் லண்டன் அன்பர்கள் மண்டபத்திற் கூடியிருக்க, இவர் நியூயார்க்கிலிருந்து கடலடித் தொலைபேசிக் கம்பி மூலம் பாடினார். 1958-ல் இவரது 60-ம் பிறந்தநாளை இந்தியாவிலும் கொண்டாடினர். 1938-ல் லண்டனில் நட்புப் பூண்ட ஜவஹர்லால் நேரு அதனை ஆதரித்தார். அவ்வாண்டிலேயே பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது.

1959-ம் வருஷம் ஏப்ரல் மாதம், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டு ஊரில், நினைவு நாடகசாலையின் நூறாவது நாடக வரிசைக்கு ஒதெல்லோவாக அழைக்கப்பட்டார். நோயினின்று எழுந்த உடல். 61-ம் வயது தொடங்கும் நாள். நடத்தியவர் டோனி ரிச்சர்ட்ஸன் என்னும் இளைஞர், புதுமையில் விருப்பினர். அவர் அமைத்த பரபரப்பினிடையே ராப்ஸன் பழைய நிதானத்தோடே நின்றார். அதுவே அவர் கடைசியாகத் தரித்த வேஷம். 1963-ல் தாயகம் திரும்பினார். 1965-ல் மனைவியார் மறைந்தார். பிலடெல்பியாவில் சகோதரியார் இல்லத்தில் ஒதுங்கி வாழ்ந்து, 1976-ம் வருஷம் ஜனவரி மாதம் 23-ந் தேதி காலமானார்.

இத்தனை படங்களில் நடித்தவருடைய ஒதெல்லோவை யாரும் முழுப் படமாக எடுத்தாரில்லை. 1944-ல் கொலம்பியா கம்பெனியார் ஷூபர்ட் நாடகசாலை நடிகர்களைக் கொண்டு அதனை இசைத்தட்டுகளிற் பதிவு செய்தனர். பெரரும் ஹாகனும் உடன் பேசும் அப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது.