குமரகுருபரர் கண்ட அங்கயற்கண்ணி

தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம் 17ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு ஒரு பெரும்புலவரை ஈந்தது. சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகவாய்த் தோன்றிய குமரகுருபர சுவாமிகள், ஐந்தாண்டு நிறையும்வரை வாய் பேசாதிருந்தார் என்பது மரபு. கவிராயர் குடியிற் பிறந்த பிள்ளைக்குச் சொல் வாய்க்கவில்லை! பெற்றோர் திருச்செந்தூர் சென்று முருகன் திருமுன் வரங்கிடந்தனர். அங்கே நாத்திறந்தது, முதற் பேச்சே கந்தர் கலிவெண்பாவாக மலர்ந்தது என்பர்.

பின்னர் அவர் மதுரை வந்தார். திருமலை நாயக்கர் (1623–1659) ஆட்சி நடந்த காலம் அது.

மதுரைத் தேவியின் வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. மலயத்துவச பாண்டியன் வளர்த்த வேள்வித் தீயில் மூன்று தனங்களோடு தோன்றித் தடாதகை எனப் பெயர் பூண்டவள். தந்தைக்குப்பின் முடிசூடித் திக்கெல்லாம் வென்றவள். கயிலையில் இறைவனைக் கண்ட கணத்தில் ஒரு தனம் மறைய நாணி நின்றவள். இன்றும் சித்திரைத் திருவிழாவில் அவளுக்கே பட்டாபிஷேகம் நடைபெறுகிறது.

இப்பேரரசியைக் குமரகுருபரர் மடியில் ஏந்தும் மகவாக்கினார். காப்பு முதல் ஊசல் ஈறாகப் பத்துப் பருவங்களில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் எழுந்தது. மன்னர் முன்னிலையில் அது அரங்கேறியபோது, அர்ச்சகர் மகளாகிய சிறுமியின் வடிவில் அம்மையே வந்து மன்னர் மடியில் அமர்ந்து கேட்டாளாம். வருகைப் பருவப் பாடல் ஒலிக்கையில், மன்னர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் இட்டு மறைந்தாளாம்.

இதற்குக் கல்வெட்டுச் சான்று தேடுதல் வீண். ஆயினும் இக்கதை ஓர் உண்மையை அறிந்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் பாடுவோன் தாயாக வேண்டும். தாயானவன் அழைத்தால் தெய்வமும் குழந்தையாகவே வரும். புராணத்துத் தடாதகை எல்லார்க்கும் பொது. மாலையிட்ட சிறுமியோ அந்தப் புலவர் ஒருவருக்கே உரியவள். ஊர் சொன்ன கதை ஒருவர் உள்ளத்தில் அனுபவமாகக் கனிந்த இடம் அதுவே. மாலை அரசர் கையிலிருந்து பரிசாக வரவில்லை என்பதும் நினையத்தக்கது.

கடல் கடந்த அயர்லாந்தின் கெல்டிய மரபிலும் பிரிகிட் என்னும் தேவியைப் புலவர்கள் வழிபட்டதாகப் பழைய சொற்பொருள் நூலொன்று கூறுகிறது. சொல்லின் ஊற்றைத் தாயாகக் காணுதல் நமக்கு மட்டும் உரியதன்று.

மதுரைக் கலம்பகம், மீனாட்சியம்மை குறம், நீதிநெறி விளக்கம் எனப் புகழ் பெருகிய நிலையிலும் புலவர் அமைதியுறவில்லை, ஞானாசிரியரை நாடினார். எவர் முன் வாக்குத் தடைபடுமோ அவரே குரு என்பது அவருக்குக் கிடைத்திருந்த குறிப்பு. தருமபுர ஆதீனத்து நான்காம் குருமூர்த்திகளான மாசிலாமணி தேசிகர், தில்லையில் சுந்தரர் கூத்தனைக் கண்ட நிலையுரைக்கும் பெரியபுராணப் பாடல் ஒன்றுக்கு அனுபவப் பொருள் வினவினார். சொல்லின் பொருள் தெரியும். அனுபவப் பொருள் நாவில் எழவில்லை. சொற்கடல் அடங்கி நின்றது. அங்கேயே அடிபணிந்தார்.

குருவின் ஆணைவழிக் காசிக்குச் சென்றார். அங்கு இந்துஸ்தானி மொழி வேண்டியபோது, மீண்டும் தேவியையே நாடிக் கலைமகள் மீது சகலகலாவல்லி மாலை பாடினார். மொழி கைவந்தது, வடபுலத்து ஆட்சியாளரின் ஆதரவும் கிட்டியது என்பது வரலாறு வழங்கும் மரபு. கேதார கட்டத்தில் மடம் நிறுவிக் கங்கைக் கரையில் தமிழை நிலைநாட்டி, அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

பேசாத பிள்ளையாய்த் தொடங்கி, அம்மை செவிமடுக்கப் பாடி, குருவின் முன் மீண்டும் ஊமையானவர் அவர். முதல் மௌனம் குறை. பின் வந்த மௌனம் நிறைவு. இரண்டிற்கும் இடையே விளைந்ததுதான் அவர் கவிதை. சொல்லையே தொழிலாகக் கொண்ட நம் வட்டத்தார்க்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.