எதிரி முகாமுக்குப் போன பாதிரியார்

1959-ம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போய் வருவது லேசான காரியமாக இருக்கவில்லை. செக்ரடேரியட் வாசலில் மறியல், பள்ளிக்கூடங்களின் முன்னால் மறியல், சர்க்கார் பஸ்களை நிறுத்தி மறியல். போலீஸ் வண்டி வந்து ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனால், மறுநாள் அதே இடத்தில் வேறொரு கூட்டம் நிற்கும். நகரை ஒட்டிய கடற்கரையில் வெட்டுகாட்டிலும், தெற்கே புல்லுவிளையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. செரியதுறையில் குண்டடிபட்டு இறந்தவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். அதற்கு முன்பே, ஜூன் 13-ந் தேதி, அங்கமாலியில் ஏழு பேர் மாண்டிருந்தார்கள்.

ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த இ.எம்.எஸ். மந்திரி சபையை இறக்குவதற்காக நடந்த அந்தக் கிளர்ச்சிக்கு விமோசன சமரம் என்று பெயர். மேடையில் தலைமை தாங்கியவர் நாயர் சமுதாயத் தலைவர் மன்னத்து பத்மநாபன். ஆனால் மேடை போடுவதற்கு வெகு நாள் முன்பே கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் நிலத்தை உழுது வைத்தவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவர்தான் ஜோசப் வடக்கன். கேரளத்தில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் வடக்கனச்சன்.

வடக்கன் 1919-ல் திருச்சூர் பக்கத்துத் தொயக்காவில் பிறந்தவர். குருப்பட்டம் பெற்றுத் திருச்சூர் மறைமாவட்டத்தில் சேவை செய்தார். பூசை வைப்பதோடும் ஞானஸ்நானம் கொடுப்பதோடும் நின்றுவிடும் சுபாவம் அவருக்கு இல்லை. ஏழைத் தொழிலாளிகள் கோவிலை விட்டுச் செங்கொடியின் கீழே போவதைக் கண்டு கலங்கினார். கம்யூனிஸ்டு கட்சியில் சேரும் கத்தோலிக்கரைத் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று ரோமாபுரி 1949-ல் அறிவித்திருந்தது. மற்றப் பாதிரிகள் அந்த உத்தரவைப் பிரசங்க மேடையில் வாசித்ததோடு சரி. வடக்கன் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தார். கம்யூனிஸ்டு எதிர்ப்பு முன்னணி என்று ஓர் அமைப்பைக் கட்டினார். தொழிலாளி என்ற பெயரில் பத்திரிகை நடத்தினார். எதிராளியின் ஆயுதங்களான கூட்டம், கோஷம், ஊர்வலம் மூன்றையும் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

1957 ஏப்ரலில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். கல்வி மந்திரியானவர் ஜோசப் முண்டசேரி. அவரும் திருச்சூர்க்காரர், அவரும் கத்தோலிக்கர், அந்த ஊர்க் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குச் சர்க்காரே நேரில் சம்பளம் தரும், நியமனமும் சர்க்கார் பட்டியலிலிருந்து நடக்க வேண்டும் என்று அவருடைய மசோதா கூறியது. முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குறைத்து வாங்கிப் போன வாத்தியார்கள் அன்று பலர். அவர்களுக்கு அது நல்ல செய்தி. பள்ளிகளை நடத்திய திருச்சபைக்கோ சொத்தும் அதிகாரமும் கைவிட்டுப் போகிற செய்தி. வடக்கன் திருச்சபையின் பக்கம் நின்று ஊர் ஊராகப் பேசினார். கடைசியில் 1959 ஜூலை 31-ந் தேதி மத்திய சர்க்கார் மந்திரி சபையைக் கலைத்தது.

1960 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரசும் பிரஜா சோஷலிஸ்டுகளும் முஸ்லிம் லீகும் கைகோத்து வென்றார்கள். பட்டம் தாணு பிள்ளை முதல் மந்திரியானார். 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது திருவிதாங்கூர்-கொச்சி முதல் மந்திரியாக இருந்தவர் இவரே. வடக்கனைப் பொறுத்தவரை அவர் பாடுபட்ட பக்கம் ஜெயித்துவிட்டது. சாதாரணமாக இப்படிப்பட்டவர்களின் சரித்திரம் இங்கே முடிந்துவிடும். ஒரு பாராட்டுக் கூட்டம், ஒரு மாலை, பிறகு ஏதாவது பெரிய பங்கில் நிம்மதியான வாழ்க்கை.

ஆனால் 1961-ல் அமராவதி வந்தது.

கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி போயிருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்று தெரியும். உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் காட்டைத் திருத்திப் பயிர் செய்யுங்கள் என்று சர்க்காரே ஆட்களை மலைக்கு அனுப்பியது. 1955-ல் தாணு பிள்ளையின் பெயரிலேயே பட்டம் காலனி என்று ஒரு குடியிருப்பு உண்டாயிற்று. தேவிகுளம், பீர்மேட்டைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட நாட்கள் அவை. மலையில் மலையாளிகளின் தலைக்கணக்கை உயர்த்தவே இந்த ஏற்பாடு என்று நம் தலைவர்கள் அன்று குறைப்பட்டுக் கொண்டார்கள். அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மலை ஏறியவர்களில் பெரும்பாலோர் சமவெளியில் ஒரு துண்டு நிலம் மிச்சமில்லாத ஏழைகள் என்பதும் உண்மை.

இடுக்கி நீர்த்தேக்கத்துக்காக ஐயப்பன்கோவில் பகுதியில் இருந்தவர்களைக் காலி செய்யச் சர்க்கார் முடிவெடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் போலீசார் கிளப்பி, லாரிகளில் ஏற்றிக் குமுளிக்கு அருகில் அமராவதி என்ற இடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். தலைக்கு மேலே சரியான கூரை கிடையாது. மழைக்காலம் தொடங்கியிருந்தது. குழந்தைகளும் கிழவர்களும் சேற்றில் கிடந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவ விவசாயிகள். இரண்டு வருஷத்துக்கு முன்பு வடக்கன் போன்றவர்களின் பேச்சைக் கேட்டுக் கம்யூனிஸ்டு ஆட்சியை எதிர்த்து நின்ற அதே சமூகம். வெளியேற்றியதோ, அவர்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சி.

அங்கே முதலில் வந்து பந்தலில் படுத்து உண்ணாவிரதம் தொடங்கியவர் ஏ.கே.கோபாலன், கம்யூனிஸ்டுகளின் ஏ.கே.ஜி. தன் மந்தைக்காக எதிரி பட்டினி கிடப்பதை வடக்கன் பார்த்தார். போய்ப் பக்கத்தில் நின்றார். பாதிரி அங்கியும் செங்கொடியும் ஒரே மேடையில் தோன்றியது கேரளத்தைத் தூக்கிவாரிப் போட்டது. காங்கிரஸ்காரர்கள் துரோகம் என்றார்கள். ஆயர்களுக்கு முகம் சிவந்தது. ஆனால் நாடு முழுவதும் கவனம் திரும்பவே, அகதிகளுக்கு நிவாரணம் தரச் சர்க்கார் இறங்கி வந்தது.

அதன்பின் அவர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மலைநாட்டு விவசாயிகளைத் திரட்டினார். கர்ஷக தொழிலாளி கட்சி என்று தனிக் கட்சியே கண்டார். உடன் நின்றவர் பி.வெல்லிங்டன். 1967 தேர்தலில் இ.எம்.எஸ். அமைத்த ஏழு கட்சி முன்னணியில் இந்தச் சின்னக் கட்சியும் ஒன்று. மார்ச் 6-ந் தேதி திருவனந்தபுரத்தில் பதவி ஏற்ற மந்திரி சபையில் வெல்லிங்டன் சுகாதார மந்திரி. எந்த இ.எம்.எஸ்.ஸை இறக்க வடக்கன் 1959-ல் ஊர் ஊராகச் சுற்றினாரோ, அதே இ.எம்.எஸ்.ஸின் ஆட்சிக்கு அவருடைய கட்சி தோள் கொடுத்தது. வடக்கன் மந்திரி நாற்காலியில் உட்காரவில்லை.

அந்த ஏழு கட்சிக் கூட்டு இரண்டரை வருஷம்தான் ஓடியது. மந்திரிகள் மீதான ஊழல் புகார்களுக்கு விசாரணை வைப்பதில் கூட்டாளிகளுக்குள் அடிதடி முற்றி, 1969 அக்டோபரில் இ.எம்.எஸ். ராஜினாமா செய்தார். வடக்கனின் கட்சியும் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

திருச்சபையோடு அவர் பட்ட பாடு தனிக் கதை. ஆயரோடு மோதி, குருத்துவப் பணி செய்யத் தடை பெற்று, பின்னால் சமாதானமானார். பாதிரியார்கள் அரசியலில் இறங்குவதில் ரோமாபுரிக்கு எப்போதுமே தயக்கம் உண்டு. அமெரிக்கப் பார்லிமெண்டில் பத்து வருஷம் உறுப்பினராக இருந்த ராபர்ட் டிரைனன் என்ற ஏசு சபைக் குருவும், 1980-ல் போப்பாண்டவரின் உத்தரவுக்குப் பணிந்து மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. வடக்கன் கம்யூனிஸ்டுகளைத் திட்டிய வரையில் இந்தத் தயக்கம் அவ்வளவாக வெளியே தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வடக்கன் தம் சுயசரிதையை மலையாளத்தில் எழுதினார். விமோசன சமரத்துக்கு வெளிநாட்டுப் பணம் வந்த விஷயத்தை அதில் மறைக்கவில்லை. இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான், கேரளத்தில் கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்கத் தம் நாடு பணம் கொடுத்ததாக 1978-ல் தம்முடைய புத்தகத்தில் எழுதினார். அங்கமாலியிலும் செரியதுறையிலும் குண்டடிபட்டு விழுந்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

2002 டிசம்பரில் வடக்கன் காலமானார். வயது 83. அவருடைய சுயசரிதையின் பெயரைத் தமிழில் சொன்னால், என் பாய்ச்சலும் மூச்சிரைப்பும் என்று வரும்.