திருமழிசையாழ்வார்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்துத் திருமழிசை என்னும் பழம்பதி உள்ளது. பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவராகிய திருமழிசையாழ்வார் தோன்றிய ஊர் அதுவே. அவர் கி.பி. 7ஆம் நூற்றாண்டினர் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். பிரம்பு அறுத்து வாழ்ந்த திருவாளன், பங்கயச்செல்வி என்னும் இருவர் அவரைக் குழவிப் பருவத்தே கண்டெடுத்து வளர்த்தனர் என்று குருபரம்பரை நூல்கள் கூறும்.

உண்மைப்பொருளை அறியும் வேட்கையால் அவர் சமணம், பௌத்தம், சைவம் முதலிய சமயங்களின் நூல்களைப் பயின்றார். பின்னர் மயிலையில் பேயாழ்வாரைக் கண்டார். பேயாழ்வார் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் நீர் வார்த்துக்கொண்டிருந்தார். அதனை அறியாமை என்று இவர் நகைத்தார். இவருடைய செயலும் அத்தகையதே என அவர் உணர்த்தினார். நெடிய வாதத்தின்பின் இவர் திருமாலே முதற்பொருள் எனத் தெளிந்து, அவர்க்கு மாணாக்கரானார்.

அவ்வாறாயின், முன்னைச் சமயங்களில் நின்ற காலத்து அவர் நாத்திகரோ? மாணவர்களே, இவ்வினாவிற்கு விடை அச்சொல்லின் பொருளைப் பொறுத்தது. உண்டு என்னும் பொருளுடைய வடசொல்லினின்று ஆத்திகமும், இல்லை என்னும் பொருளுடையதினின்று நாத்திகமும் பிறந்தன. எது உண்டு என்பதிலேதான் வேறுபாடு. பாணினியின் இலக்கணத்திற்கு உரை கண்டோர் மறுமை உண்டென்பவனை ஆத்திகன் என்றனர். மனுநூல் வேதத்தை இகழ்பவனை நாத்திகன் என்றது. இக்காலத்தார் கடவுள் நம்பிக்கையையே அளவாகக் கொள்வர். சமணரும் பௌத்தரும் மறுபிறப்பை உடன்படுவர். வேதத்தையும் படைப்புக் கடவுளையும் உடன்படார். ஆகவே, முதல் அளவையால் ஆத்திகராகும் அவர்களே ஏனைய இரண்டாலும் நாத்திகர் எனப்படுவர். படைப்புக் கடவுளைக் கொள்ளாத சாங்கியரோ, வேதத்தை ஏற்றமையால் ஆத்திகர் வரிசையில் வைக்கப்பட்டனர்.

ஆழ்வார் வாழ்விலேயே மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. பெரும்புலியூரில் அவர் ஒரு திண்ணையில் அமர்ந்தார். அங்கு வேதம் ஓதிக்கொண்டிருந்தோர், அவரைத் தாழ்ந்த குலத்தவர் எனக் கருதி ஓதுவதை நிறுத்தினர். அவர் எழுந்து விலகியபின், விட்ட இடம் அவர்களுக்கு நினைவிற்கு வரவில்லை. அவர் சினவாது, கருநெல் ஒன்றை நகத்தாற் பிளந்து அவ்விடத்தைக் குறிப்பாற் காட்டினார். அவர்கள் நாணிப் பிழைபொறுக்க வேண்டினர். வேதத்தை ஓதியவர் அவர்கள்; அதன் பொருளை ஒழுக்கத்திற் காட்டியவர் இவர்.

நான்முகன் திருவந்தாதியில் 96 பாடல்களும், திருச்சந்தவிருத்தத்தில் 120 பாடல்களும் அருளிய ஆழ்வார், குடந்தையில் நெடுங்காலம் தங்கி அங்கேயே திருநாடு அடைந்தார் என்பர். ஒருவரை ஆத்திகர் என்றோ நாத்திகர் என்றோ கூறுமுன், எவ்வளவையாற் கூறுகின்றோம் என்று எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும். உண்மையை நாடிப் பல சமயங்களைப் பயின்றவரை, அந்நாட்டம் கருதியேனும் இகழாதிருத்தல் வேண்டும்.