ஒலிம்பிக் கேப்டன் டு அரசியல் நிர்ணய சபை: ஜெய்பால் சிங் முண்டாவுக்கும் வால்பாறை காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. டீ எஸ்டேட், நீர்வீழ்ச்சி, வரையாடு, சிங்கவால் குரங்கு... ரீல்ஸ்ல பார்க்கிற வால்பாறை இவ்வளவுதான். ஆனால் இந்த மலைக்கு இன்னொரு கதை இருக்கு. டீச்செடி வருவதற்கு ரொம்ப காலம் முன்னாடியே காடர், முதுவர், மலசர், மலைமலசர் போன்ற மக்கள் ஆனைமலைக் காடுகளில் வாழ்ந்து வருகிறார்கள். அவர்கள் ஊரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? அவர்களுக்கா, அதிகாரிகளுக்கா?

இந்தக் கேள்வியை இந்திய அரசியல் நிர்ணய சபைக்குள்ளேயே எழுப்பியவர் ஒருவர் இருந்தார். ஜெய்பால் சிங் முண்டா. இந்தியாவுக்கு முதல் ஹாக்கி தங்கம் வந்தபோது கேப்டனாக இருந்தவரும் இவர்தான்!

யார் இவர்?

1903 ஜனவரி 3 அன்று, இன்றைய ஜார்க்கண்ட்டின் குந்தி பகுதியில் ஒரு முண்டா பழங்குடி கிராமத்தில் பிறந்தார். நிலத்துக்காகவும் காட்டுக்காகவும் ஆங்கிலேயரை எதிர்த்த பிர்சா முண்டா ராஞ்சி சிறையில் இறந்து அப்போது 3 வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் போராட்டத்தின் விளைவாக, பழங்குடி நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் 1908இல் வந்தது. ஜெய்பால் வளர்ந்த சூழல் இதுதான்.

முண்டா கிராமங்களுக்கு ஒரு தனி நிர்வாக முறை உண்டு. ஊர்த் தலைவர் முண்டா, பூசாரி பாகன், பல ஊர்களைச் சேர்த்துப் பார்ப்பவர் மான்கி. நிலத் தகராறோ கல்யாணப் பிரச்சினையோ, ஊர் கூடிப் பேசித்தான் முடிவெடுக்கும். ஜனநாயகம்னு பேர் வைக்காமலேயே அதை நடத்திக்கொண்டிருந்த ஊர்கள் அவை.

ராஞ்சி மிஷன் பள்ளியில் படித்த ஜெய்பாலின் திறமையைப் பார்த்த பள்ளி முதல்வர், அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. ஹாக்கியில் பல்கலைக்கழகத்தின் உயரிய விளையாட்டு அங்கீகாரமான 'ப்ளூ'வையும் வாங்கினார்.

ஐசிஎஸ்ஸா, ஹாக்கியா?

அடுத்து ஐசிஎஸ். இன்றைய ஐஏஎஸ்ஸுக்கு முன்னோடி. பயிற்சியில் இருக்கும்போதே 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வந்தது. இந்திய அணிக்கு கேப்டனாகக் கூப்பிட்டார்கள், ஆனால் லீவு கிடைக்கவில்லை. லீவு இல்லாமலேயே கிளம்பிவிட்டார்.

இந்தியா 29 கோல் அடித்தது, ஒரு கோல்கூட வாங்கவில்லை. இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 3-0 என வென்றது. இங்கே ஒரு ட்விஸ்ட். அணிக்குள் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் கேப்டன் ஜெய்பால் அந்த இறுதிப் போட்டியில் ஆடவே இல்லை. திரும்பி வந்ததும் ஐசிஎஸ் பயிற்சியைக் கூடுதலாக ஒரு வருஷம் செய்யச் சொன்னார்கள். மாட்டேன் என்று அந்தக் கனவு வேலையையே விட்டுவிட்டார்.

அதன் பிறகு எண்ணெய் கம்பெனியில் வேலை, ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) ஆசிரியர் பணி, ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரி, பிகானீர் சமஸ்தானம் என்று வாழ்க்கை ஓடியது. நல்ல சம்பளத்தோடு செட்டில் ஆகியிருக்கலாம்.

ராஞ்சி திரும்பிய திருப்பம்

1939 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த ஆதிவாசி மகாசபை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சொந்த மண்ணில் தன் மக்கள் நிலத்தை இழப்பதும், சுரங்கமும் தொழிற்சாலையும் வந்தும் லாபம் வெளியே போவதும் அவர் கண்முன் இருந்தது. பீகாரிலிருந்து பிரிந்த தனி மாநிலம் வேண்டும் என்பது மகாசபையின் கோரிக்கை.

இவரை ஹீரோவாக மட்டும் பார்த்தால் கதை முழுமையாகாது. இரண்டாம் உலகப் போரில் இவர் ஆங்கிலேய அரசை ஆதரித்தார், படைக்கு ஆள் சேர்க்கவும் உதவினார். காங்கிரஸ் போராட்டத்தில் இருந்த நேரம் அது. அதனால் அவர்மேல் கடும் விமர்சனம் வந்தது.

அரசியல் நிர்ணய சபையில் என்ன செய்தார்?

1946இல் பீகாரிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். டிசம்பர் 19 அன்று நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின் மேல் பேசினார். காட்டுவாசி என்று மற்றவர்கள் இழிவாகச் சொல்லும் பெயரை அவர் பெருமையோடு ஏற்றுக்கொண்டார். பழங்குடிகளுக்கு ஜனநாயகத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து மற்றவர்கள்தான் கற்க வேண்டும் என்பது அவர் வாதம். சபையில் ஆண்களே நிறைந்திருக்கிறார்கள், பழங்குடிப் பெண்கள் எங்கே என்றும் கேட்டார்.

சட்டத்தில் 'ஆதிவாசி' என்ற சொல்லே வர வேண்டும் என்று கடைசிவரை நின்றார். வரவில்லை. 'அட்டவணைப் பழங்குடியினர்' என்பதே நிலைத்தது. மதுவிலக்கு விவாதத்திலும் எதிர்க் குரல் கொடுத்தார். அரிசி பீர் தங்கள் வழிபாட்டின் ஒரு பகுதி என்பது அவர் தரப்பு.

முக்கியமான மேட்டர் ஐந்தாம் அட்டவணை. பழங்குடிப் பகுதிகளுக்கான தனி நிர்வாக ஏற்பாடு இது. பழங்குடியினர் ஆலோசனை மன்றத்துக்கு முதல் வரைவில் இருந்த அதிகாரம் 1949இல் குறைக்கப்பட்டது. மன்றம் ஆலோசனை சொல்லலாம், முடிவு ஆளுநர் கையில். ஜெய்பால் இதை எதிர்த்துப் பேசினார். ஆனால் திருத்தம் நிறைவேறியது.

ஜெயிச்சும் தோற்ற கட்சி

அடுத்து ஜார்க்கண்ட் கட்சி. 1952 தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்கள், பிரதான எதிர்க்கட்சி அந்தஸ்து. ஆனாலும் மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தனி ஜார்க்கண்ட் கோரிக்கையை ஏற்கவில்லை. கட்சியின் பலம் மெல்லக் கரைந்தது. 1963இல் ஜெய்பால் கட்சியை காங்கிரஸோடு இணைத்தார். கொஞ்ச காலம் அமைச்சராகவும் இருந்தார். தனி மாநிலத்துக்காக உழைத்த தொண்டர்கள் பலருக்கு அது பெரிய ஏமாற்றம்.

இங்கே ஒரு பாடம் இருக்கு. கிராமமே கூடி முடிவெடுக்கும் மரபைப் பற்றிப் பெருமையாகப் பேசிய தலைவர், தன் கட்சியின் மிகப் பெரிய முடிவில் அந்த மரபை எந்த அளவு பின்பற்றினார்? 1970 மார்ச் 20 அன்று டெல்லியில் அவர் காலமானார். ஜார்க்கண்ட் மாநிலம் பிறக்க இன்னும் 30 வருஷம் ஆனது. தேதி 2000 நவம்பர் 15, பிர்சா முண்டாவின் பிறந்தநாள்.

சரி, வால்பாறைக்கு என்ன?

அவர் கேட்ட கிராமத் தன்னாட்சி, தாமதமாகத்தான் சட்டமானது. 1996இல் வந்த பெசா சட்டம், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்கு நிலம், சிறு வனப் பொருட்கள் போன்றவற்றில் அதிகாரம் தருகிறது. ஆனால் அந்தப் பகுதிகள் 10 மாநிலங்களில் மட்டுமே உண்டு. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. நம்மிடம் பழங்குடியினர் ஆலோசனை மன்றம் உண்டு, ஆனால் பெசா செல்லாது. போதாக்குறைக்கு வால்பாறை ஒரு நகராட்சி. ஊராட்சிகளில் குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் நடக்கிற கிராம சபைகூட நகராட்சி எல்லைக்குள் கிடையாது.

மிச்சம் இருக்கும் ஒரே பிடி, 2006 வன உரிமைச் சட்டம். இதன்படி காட்டுக்குள் இருக்கும் பழைய குடியிருப்பே ஒரு கிராமமாகக் கணக்கில் வரலாம். அங்குள்ள வயது வந்த எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. யாருக்கு எந்த நிலத்தில் உரிமை என்று பரிசீலிக்கும் வேலை அந்தச் சபையில்தான் தொடங்க வேண்டும். ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகள் ஒரே குரலில் மறுத்ததால் பாக்சைட் சுரங்கத் திட்டம் நின்றது. இந்தச் சட்டத்தின் பலம் அது.

வால்பாறையில் அதைப் பயன்படுத்தியவர்கள் கல்லார்குடி காடர் மக்கள். 2019 ஆகஸ்ட் மழையில் நிலச்சரிவு அவர்கள் குடியிருப்பைச் சிதைத்தது. காட்டுக்குள்ளேயே பாதுகாப்பான தெப்பக்குளமேட்டுக்குப் போக விரும்பினார்கள். வனத்துறை அனுமதிக்காததால் எஸ்டேட் லைன் வீடுகளில் தங்க வேண்டிய நிலை. காட்டை விட்டு வர மாட்டோம் என்று பெண்கள் முன்நின்று போராடினார்கள். 2021இல் தெப்பக்குளமேட்டில் நில உரிமை கிடைத்தது.

எங்கே வாழ வேண்டும் என்பதை அந்த ஊரே முடிவு செய்தது. ஆனால் அதைச் சட்டமே தந்த உரிமையாக ஏற்கவைக்க 2 வருஷப் போராட்டம் தேவைப்பட்டது. முடிவெடுக்கும் அதிகாரம் ஊருக்கா, ஆலோசனை சொல்லும் வாய்ப்பு மட்டும்தானா என்று 1949இல் ஜெய்பால் கேட்டது இதைத்தான். அடுத்த முறை வால்பாறைக்கு டிரிப் போனால், வியூ பாயின்ட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் கிராம சபைகள் இருக்கின்றன என்பதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.